முனைவர் பட்ட ஆய்வில் நடுவழியில் நின்றுவிடும் நம் பிள்ளைகள்: உண்மையில் என்ன உதவி வேண்டும்?

மெரிபேங்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குத் துணித் தொழிற்சாலையில் தையல் வேலை, அப்பாவுக்குத் துறைமுகத்தில். தென் டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை யார் கவனித்துக்கொண்டார்கள், இரவில் யார் விழித்திருந்தார்கள், அதற்காக யார் வேலையை விட்டார்கள் என்பதுதான் என் ஆய்வு. ஆலைகள் இப்போது ஓடவில்லை. ஒன்றில் 2020 டிசம்பரில் வெடிவிபத்து நடந்தது, இன்னொன்று 2022இல் நின்றுபோனது. ஆனால் நான் போகிற வீடுகளில் ஆஸ்துமா மருந்தை ஆவியாகத் தரும் நெபுலைசர் இன்னும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

நான் கேட்க வந்தது வேறு. உள்ளே வருவதற்கு எனக்கு நிறைய உதவி கிடைத்தது. விண்ணப்பம் நிரப்பப் பயிற்சி, நேர்காணலுக்குப் பயிற்சி, உதவித்தொகை, வரவேற்புக் கூட்டம் எல்லாம் இருந்தன. ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்ட மறுநாளிலிருந்து ஒன்றுமே இல்லை. என் நெறியாளர் நல்லவர், ஆனால் அவரிடம் ஏகப்பட்ட மாணவர்கள். ஓர் இயலை அனுப்பினால் மாதக்கணக்கில் பதில் வராது. வந்தாலும், "கோட்பாடு போதாது, இன்னும் ஆழமாக" என்று ஒரு வரி. எந்தக் கோட்பாடு, எவ்வளவு ஆழம் என்று யாரைக் கேட்பது? என்னோடு சேர்ந்த இரண்டு பேர் இதே கட்டத்தில் நின்றுவிட்டார்கள். இரண்டு பேருமே எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

"தன்னம்பிக்கையோடு இரு" என்ற அறிவுரை வேண்டாம். படித்து முடித்தவர்கள், முடிக்க முடியாமல் போனவர்கள், நெறியாளராக இருப்பவர்கள் சொல்லுங்கள். நடுவில் உண்மையிலேயே கைகொடுத்தது எது?

டோங்காட் அண்ணா

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் முடித்தவன், இப்போது நெறியாளராகவும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் சமூக அறிவியல் முனைவர் பட்டம் என்றால் பெரும்பாலும் ஆய்வேடு மட்டும்தான். வகுப்பு இல்லை, இடைத்தேர்வு இல்லை. முன்மொழிவு, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராது என்று குழு பார்த்துத் தரும் நெறிமுறை அனுமதி, களப்பணி, எழுத்து, கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களின் அறிக்கை. பல இடங்களில் வாய்மொழித் தேர்வுகூடக் கிடையாது. அப்படியானால் நடுவில் இருக்கும் வருடங்களில் உன் வேலையைப் பார்க்கக் கடமைப்பட்டவர் ஒரே ஒருவர், உன் நெறியாளர். அவர் மாற்றலாகிப் போனாலோ, நோயில் விழுந்தாலோ, ஆய்வு விடுப்பில் போனாலோ உன்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் படித்துப் பார்த்துச் சொல்வார். நமக்கு அந்த ஆள் இல்லை.

அடுத்தது, நெறியாளர்கள் ஏன் இவ்வளவு மாணவர்களைச் சேர்க்கிறார்கள்? அரசு பல்கலைக்கழகங்களுக்குத் தரும் ஆய்வு மானியத்தை அலகுகளாகக் கணக்கிடுகிறார்கள்: ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரைக்கு 1 அலகு, ஒரு முனைவர் பட்டத்துக்கு 3 அலகு. தேசிய வளர்ச்சித் திட்டமோ 2030க்குள் ஆண்டுக்கு 5000க்கு மேல் முனைவர்கள் வேண்டும் என்றது. 2010இல் இருந்தது 1420தான். இலக்கு ஏறுகிற வேகத்தில் நெறியாளர்கள் எண்ணிக்கை ஏறவில்லை. அந்தத் திட்டம் எழுதப்பட்டபோது முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் 34 சதவீதம்தான். பாரம் முழுக்க அவர்கள் தலையில் விழுந்தது. எங்கள் துறையிலும் இதே நிலைதான்.

ஆனால் அந்த 3 அலகு நீ முடித்தால்தான் வரும். இது உன் கையில் இருக்கும் பிடி. "நான் நின்றுவிட்டால் உங்களுக்கும் இழப்பு" என்று துறைத்தலைவரிடம் மரியாதையாகச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. சேரும்போது மாணவரும் நெறியாளரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள் இருக்கும். அநேகமாக நீ அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாய், எல்லோரும் அப்படித்தான். எடுத்துப் பார். எத்தனை வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் எழுதச் சொல். இரண்டாவது நெறியாளர் வேண்டும் என்றும் கேள். கேட்டால் மனம் நோவார் என்று பயப்படாதே. வேலை குறையும் என்று பலர் சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம், முழு இயலை அனுப்பாதே. பத்துப் பக்கம் அனுப்பி, மேலே மூன்று கேள்வி எழுது. "இந்த வாதம் இந்தச் சான்றிலிருந்து வருகிறதா?" என்று கேட்டால் பதில் வரும். "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அந்த ஒற்றை வரிதான் வரும்.

லெனேசியாவிலிருந்து

நான் முடிக்காதவள். மேம்பாட்டு ஆய்வில் மூன்றாம் ஆண்டு முடியும்போது விட்டேன். யாராவது கேட்டால் "குடும்பச் சூழ்நிலை" என்று சொல்லிவிடுவேன். இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

உதவித்தொகை மூன்று ஆண்டுக்கு. நெறிமுறைக் குழுவில் என் விண்ணப்பம் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, களத்துக்குப் போகும்போதே இரண்டாம் ஆண்டு பாதி போய்விட்டது. நேர்காணல்களை எழுத்தாக்கிக் கொண்டிருக்கும்போது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டில் மூத்த பெண் நான். பகலில் அம்மா, சாயங்காலம் டியூட்டோரியல் வகுப்பு, இரவில் ஆய்வு. மூன்று ஆண்டு முடிந்ததும் பணம் நின்றது. அப்போதுதான் எழுதவே ஆரம்பித்திருந்தேன்.

வேறு நிதி தேடினேன். தேசிய ஆய்வு அறக்கட்டளையின் முனைவர் உதவித்தொகைக்கு 32 வயதுக்குள் இருக்க வேண்டும். நான் ஆசிரியர் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள், வயது தாண்டிவிட்டது. நம் பெண்களில் நேரே பள்ளி, பட்டம், முதுகலை, முனைவர் என்று போகிறவர்கள் எத்தனை பேர்? முதலில் சம்பாதித்துத் தம்பி தங்கைகளைக் கரையேற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் நம் படிப்பு. அந்த வரிசையில் வருகிறவர்களை இந்த வயது வரம்பு வெளியே நிறுத்துகிறது.

இன்னமும் வலிக்கிற விஷயம் இது. எனக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால்தான் விட்டேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். நேர்காணல் ஒலிப்பதிவுகள் எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

ஐசிபிங்கோ வாசி

எல்லோர் மீதும் மரியாதையோடுதான் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் இதில் எந்த இடத்திலிருந்து பேசுகிறோம்? 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர், ஆசியர் சேர்த்து 2.7 சதவீதம். ஆனால் பல்கலைக்கழக ஆசிரியர்களில் இந்தியர் பங்கு அதைவிடக் கூடுதல். கறுப்பின ஆப்பிரிக்கர்கள் 81 சதவீதம், பேராசிரியர் நாற்காலிகளில் அவர்கள் பங்கு அதற்குப் பக்கத்திலேயே இல்லை. எண்ணிக்கையில் சிறுபான்மை வேறு, இடம் மறுக்கப்படுவது வேறு.

இன்னொன்று. நமக்கு வீட்டிலேயே ஆங்கிலம். என்னோடு படித்த இசிசூலு (சூலு மொழி) பேசும் நண்பர்கள் தாங்கள் யோசிக்கிற மொழி ஒன்று, எழுதுகிற மொழி ஒன்று என்று முன்னூறு பக்கம் எழுத வேண்டியிருந்தது. "கோட்பாடு போதாது" என்ற குறிப்பு அவர்களுக்கும்தான் வந்தது. கூடவே "மொழியைச் சரிசெய்" என்ற குறிப்பும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஏதாவது அமைத்தால் அது சரியாக இருக்காது என்பது என் எண்ணம்.

மெரிபேங்க்காரி

ஐசிபிங்கோ அண்ணா, நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். நின்றுபோன இரண்டு பேர் என்றேன் இல்லையா, ஒருவர் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து வந்தவர். நானும் அவரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒரே விஷயத்தைத்தான் புலம்புவோம். தமிழர்களுக்கு என்று தனியாக நான் எதுவும் கேட்கவில்லை. இங்கே எழுதுவதற்குக் காரணம், வீட்டுக்குள் பேச முடியாததைத் தமிழில் பேச எனக்கு இருக்கும் இடம் இதுதான்.

நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் அரசுப் பள்ளியில் படித்து வருகிற பிள்ளையும், உம்லாசியிலிருந்து வருகிற பிள்ளையும் மேலே வந்தபின் ஒரே சுவரில்தான் மோதுகிறார்கள். மோதுகிற வேகம் வேறாக இருக்கலாம். எழுத்துக்குழு, இரண்டாவது நெறியாளர், நான்காம் ஆண்டுக்கான பணம் என்று எது அமைத்தாலும் வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்த எல்லோருக்குமாக அமைய வேண்டும்.

லெனேசியா அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். என் ஆய்வில் நான் சந்திக்கிற பெண்களின் கதையும் இதுதான். கவனித்துக்கொள்கிற வேலையை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை, உதவித்தொகைக் கணக்கிலும்கூட.

கேப் டவுன் தம்பி

நான் அரசியல் அறிவியல். பரிமாற்ற மாணவனாக அமெரிக்காவில் ஒரு பருவம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அங்கே முதல் இரண்டு ஆண்டு வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வேடு. நெறியாளர் ஒருவர் இல்லை, ஒரு குழு. ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவரின் கதவைத் தட்டலாம். அதுமட்டுமில்லை, கூடப் படிக்கிறவர்களோடு இரண்டு ஆண்டு ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நூல்களோடு மல்லாடுவதால் நட்பு தானாக வந்துவிடுகிறது. நாம் முதல் நாளிலிருந்தே தனியாள்.

சிறுபான்மை மாணவர்களுக்கென்று அவர்கள் ரொம்பக் காலமாகவே செய்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் சிறுபான்மை ஆய்வு உதவித்திட்டம் 1974இல் தொடங்கியது. அரசியல் அறிவியலில் ரால்ஃப் பன்ச் பெயரில் ஒரு கோடைப் பயிலகம் 1986 முதல் நடக்கிறது. இளங்கலை மாணவர்களைக் கூட்டிவந்து ஆய்வு என்றால் என்ன, புள்ளியியல் என்றால் என்ன என்று பட்டமேற்படிப்பின் ருசியைக் காட்டுகிறார்கள். பன்ச் 1934இல் ஹார்வர்டில் அரசியல் அறிவியல் முனைவர் ஆனவர். அமெரிக்காவில் அந்தத் துறையில் முனைவரான முதல் கறுப்பினத்தவர், பின்னால் 1950இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றார். மெக்நேர் திட்டம் என்று அரசுத் திட்டம் ஒன்றும் உண்டு. ஏழைக் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாக வருபவர்களை இளங்கலையிலேயே பிடித்து ஒரு பேராசிரியரோடு இணைத்துவிடுவார்கள்.

அங்கேயும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வகுப்பும் தேர்வும் முடித்து, ஆய்வேடு மட்டும் முடிக்காமல் நின்றவர்கள் அங்கே ஏராளம். 2023 ஜூன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதும் நின்றுவிட்டது. ஆனால் சேரும் முன்பே பழக்குவது, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகாட்டிகள், கூடப்படிப்போர் கூட்டம் என்ற மூன்றையும் நாம் பணமே இல்லாமல்கூடச் செய்யலாம் என்று தோன்றுகிறது.

சென்-பியேர் மலபார்

பிரான்ஸின் ஆட்சியில் உள்ள ரீயூனியன் தீவிலிருந்து வணக்கம். எங்கள் ஊரில் கதையே வேறு. பிரான்ஸில் யார் எந்த இனம் என்று அரசு கணக்கெடுப்பதில்லை. எங்கள் தீவில் மலபார் என்று அழைக்கப்படும் தமிழ் வம்சாவளியினரான நாங்கள் எத்தனை பேர் சமூக அறிவியலில் முனைவர் ஆகிறோம் என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் இருக்காது. கணக்கு இல்லாததால் குறையும் தெரிவதில்லை.

ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, அதை நீங்கள் கேட்டுப் பெறலாம். 2016இல் வந்த அரசாணையின்படி ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் ஒரு தனிக் கண்காணிப்புக் குழு உண்டு. 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வோர் ஆண்டும் அது கூட வேண்டும். மாணவரோடு பேசும்போது நெறியாளரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசுவார்கள். நெறியாளரோடு தகராறு இருந்தால் அந்த அறையில் சொல்லலாம். அப்புறம், அரசின் முனைவர் ஒப்பந்தம் கிடைத்தவர்களுக்கு அது உதவித்தொகை கிடையாது, மூன்று ஆண்டுச் சம்பள வேலை. மகப்பேறு விடுப்பு, நோய் விடுப்பு எல்லாம் உண்டு. விடுப்பு எடுத்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம். லெனேசியா அக்காவுக்கு நடந்தது அந்த ஏற்பாட்டில் இவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் சமூக அறிவியலுக்கு அந்த ஒப்பந்தங்கள் குறைவு. கிடைக்காதவர்கள் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே படிக்கிறார்கள்.

வெருலம் மாணவி

நான் முதுகலைதான், முனைவருக்கு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் தொடாத ஒன்றைச் சொல்லலாமா?

எனக்கு மினிபஸ் டாக்ஸித் தொழிலைப் பற்றி ஆராய ஆசை. ஓட்டுநர்களுக்குள் கடன் எப்படிச் சுழல்கிறது, வழித்தடம் யாருக்கு என்று எப்படி முடிவாகிறது என்றெல்லாம். ஒரு கலந்துரையாடலில் இதைச் சொன்னபோது குழுவில் இருந்தவர், "நீங்கள் தமிழ்ப் பெண்தானே, காவடியைப் பற்றி எழுதினால் என்ன, உங்களுக்கு உள்ளே நுழைவது சுலபம்" என்றார். அவர் உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்குக் காவடி மேல் பக்திதான், வருஷா வருஷம் அம்மா எடுப்பார். அதற்காக என் அறிவின் எல்லையைக் கோயில் மதிலோடு நிறுத்த வேண்டுமா? வெள்ளைக்கார மாணவர் யாரிடமும் "உன் தேவாலயத்தைப் பற்றி எழுது" என்று அவர் சொல்லவில்லை.

டோங்காட் அண்ணா

வெருலம் தங்கச்சி, இதைச் சொன்னதற்கு நன்றி. என்னைக் கேட்டால் இந்த இழையில் வந்ததிலேயே கனமான விஷயம் இதுதான். சிறுபான்மை மாணவர் தன் சமூகத்தைப் பற்றி எழுதினால் "உள்ளாள், நடுநிலை இல்லை" என்பார்கள். வெளியே போனால் "உனக்கு அங்கே என்ன வேலை" என்பார்கள். நெறியாளருக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. மாணவர் சொல்வதற்கு முன் இவரே தலைப்பைக் கையில் திணிக்கக் கூடாது.

ஃபாத்திமா மீரை நினைத்துப் பாருங்கள். 1956இல் நட்டால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளர் ஆனவர். இந்தியர்களைப் பற்றி எழுதினார், தற்கொலை பற்றி எழுதினார், 1972இல் கறுப்பின ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார், மண்டேலாவின் வாழ்க்கையை எழுதினார். யாரும் கோடு கிழித்து உள்ளே உட்கார வைக்கவில்லை, அவர் உட்காரவும் இல்லை. நம் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த குமி நாயுடு ஆக்ஸ்ஃபோர்டில் அரசியல் சமூகவியலில் முனைவர் ஆனார், பிறகு கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பையும் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பையும் வழிநடத்தினார். டாக்ஸித் தொழில் அருமையான தலைப்பு. இசிசூலு நன்றாகப் பேசப் பழகிக்கொள். களத்தில் உன்னைக் காப்பதும் அதுதான், ஆய்வைக் காப்பதும் அதுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நூலகர்

பல்கலைக்கழக நூலகத்தில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தவள். என் மேசைக்கு வந்து நின்ற பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு நூலகர் உண்டு. அவரிடம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது உங்கள் உரிமை. முதல் தலைமுறைப் பிள்ளைகள்தான் வர மாட்டார்கள், தொந்தரவு என்று நினைப்பார்கள். மெரிபேங்க் தங்கச்சி, "கோட்பாடு போதாது" என்று வந்தால் அந்த இயலைக் கொண்டுபோய் உங்கள் நூலகரிடம் காட்டுங்கள். அதே கேள்வியை வேறு ஊரில் யார் கேட்டார்கள் என்று தேடித் தருவார். அந்தக் கட்டுரைகளின் கடைசியில் உள்ள மேற்கோள் நூல் பட்டியலில் நீங்கள் தேடுகிற கோட்பாடு இருக்கும். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் ஒப்பந்தம், கப்பல் பட்டியல், நிறவெறி எதிர்ப்புப் போராட்டக் காலப் பேட்டிகள் என்று வேலை செய்கிறவர்களுக்கு வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது.

பணத்தைப் பற்றி. மொழி, வரலாறு போன்ற மானிடத் துறைகளுக்கும் சமூக அறிவியலுக்குமென்றே 2013இல் ஒரு தேசிய நிறுவனம் அமைத்தார்கள். முனைவர் மாணவர்களுக்கு அதன் உதவித்தொகை மூன்று ஆண்டுக்கு. ஆனால் பலருக்குத் தெரியாத பகுதி, அந்த உதவித்தொகை பெறுபவர்களுக்குப் பகுதிவாரியாக மூத்த அறிஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தி ஆய்வுப் பயிலரங்குகளும் நடத்துகிறார்கள் என்பது. பணத்துக்காகச் சேர்ந்த பிள்ளைகள் அந்தப் பயிலரங்கால்தான் முடித்தோம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த கோயில் சங்கங்கள் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) தேறிய பிள்ளைகளுக்குப் பரிசு தருகின்றன, முதலாம் ஆண்டுக்குக் கொஞ்சம் பணம் தருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் இளங்கலைக்கு இப்போது அரசின் உதவித்திட்டம் இருக்கிறது, ஆண்டு வருமானம் 350,000 ராண்ட் வரை உள்ள குடும்பங்களுக்கு. முனைவரின் நான்காம் ஆண்டுக்குத்தான் யாருமே இல்லை. ஆறு மாத வீட்டு வாடகை, நேர்காணல் எழுத்தாக்கச் செலவு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவ்வளவு போதும், ஓர் ஆய்வேடு முடிந்துவிடும். நவி பிள்ளை பேருந்து ஓட்டுநர் மகள். 1960களில் அவர் நட்டால் பல்கலைக்கழகத்தில் படிக்க டர்பன் இந்தியச் சமூகம் நன்கொடை திரட்டிக் கொடுத்தது. அவர் 1988இல் ஹார்வர்டில் சட்டவியல் முனைவர் ஆனார், பிறகு ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையரானார். நிறவெறி ஆட்சியில் ஒதுக்கிவைக்கப்பட்ட காலத்தில் அந்தச் சனங்களால் முடிந்தது.

மெரிபேங்க்காரி

ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பதில் தர ஆறு வாரம் என்று எழுதியிருக்கிறது! இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நெறியாளருக்கு இன்று எழுதிவிட்டேன், இரண்டாவது நெறியாளர் பற்றியும் கேட்டிருக்கிறேன். உம்லாசி நண்பரிடமும் பேசினேன். சனிக்கிழமை காலையில் மெரிபேங்கில் ஒரு சமூகக் கூடம் கிடைக்கும். யார் வந்தாலும் சரி, எந்தத் துறையானாலும் சரி, ஆளுக்குப் பத்துப் பக்கம் கொண்டு வந்து மாற்றிப் படிக்கலாம். வெருலம் தங்கச்சி, முன்மொழிவோடு வா.

லெனேசியாவிலிருந்து

டோங்காட் அண்ணா, ஒரு கேள்வி. விட்டு நான்கு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மறுபடி பதிவு செய்ய முடியுமா? அந்த ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்தலாமா, இல்லை எல்லாம் வீணா?

டோங்காட் அண்ணா

முடியும் அம்மா. துறைத்தலைவருக்கும் உயர்பட்டக் குழுவுக்கும் கடிதம் எழுதுங்கள். நின்றதற்கான காரணத்தை இங்கே எழுதியதைப் போலவே நேராக எழுதுங்கள், மருத்துவச் சான்று இருந்தால் சேருங்கள். பழைய நெறியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், இல்லாவிட்டால் புதியவரை நீங்களே முன்மொழியலாம். நெறிமுறை அனுமதி காலாவதியாகியிருக்கும், மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் ஒன்று பாருங்கள். பங்கேற்றவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் தரவை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று இருக்கும். பல இடங்களில் ஐந்து ஆண்டு. அதற்குள் இருந்தால் ஒலிப்பதிவுகள் உங்களுக்குக் கைகொடுக்கும், ஆகவே தள்ளிப்போடாமல் இந்த மாதமே எழுதுங்கள். கடித வரைவை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.